சாட்பாட்டின் குணம் எங்கே கெடுகிறது? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

பைத்தான் நிரல்மொழியில் இருநூறு வரிகளுக்குள் ஒரு சாட்பாட்டை, அதாவது எழுத்தில் உரையாடும் நிரலை, எழுதிவிடலாம். விதிகளின் பட்டியல் ஒன்று, விதிக்கு விதி சில பதில்கள், பயனர் எழுதியதை வாங்கிப் பொருத்திப் பார்க்கும் ஒரு சுழற்சி. இவ்வளவு போதும். அதற்கென்று ஒரு குணத்தைக் கொடுத்து, இருபதாவது கேள்வியிலும் அதே ஆளாக நிற்கச் செய்வதுதான் பெரிய வேலை. குணம் கெட்டுவிட்டது என்று தெரிந்ததும் பலரும் பதில்களைத் திருத்தி எழுத உட்கார்ந்துவிடுகிறார்கள். கோளாறு பெரும்பாலும் அங்கே இருப்பதில்லை. சொல்லைப் பிரிக்கும் இடத்தில், விதிகளின் வரிசையில், நினைவை வைத்திருக்கும் மாறியில், எல்லாவற்றுக்கும் மேலாக, பதில் தெரியாதபோது என்ன சொல்வது என்று முடிவு செய்யாமல் விட்ட இடத்தில் இருக்கிறது. தமிழில் பேசும் சாட்பாட் என்றால் இன்னொரு சங்கடமும் சேர்ந்துகொள்கிறது: ஆங்கிலத்தை மனத்தில் வைத்துத் தயாரித்த பாடங்களைப் பார்த்து எழுதும் நிரல், பிழைச் செய்தி எதுவும் காட்டாமலே தவறாக ஓடும்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு பாத்திரம் வேண்டும். பெயர் சிவகாமி, ஒரு கிளை நூலகத்தின் நூலகர். யாரையும் "நீங்கள்" என்றே அழைப்பார். இரண்டு வாக்கியங்களுக்கு மேல் பேசமாட்டார். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தில் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமிக்கச் சொல்கிறது. சிவகாமிக்கு அது வேதவாக்கு. ஆச்சரியக்குறி போடமாட்டார். பக்கத்தின் முனையை மடித்து வைப்பவர்களைக் கண்டால் வருத்தப்படுவார். நூல், உறுப்பினர் அட்டை, தாமதக் கட்டணம், நூலக நேரம் இவை தவிர வேறெதுவும் அவருக்குத் தெரியாது. குணத்தை இப்படிச் சோதித்துப் பார்க்கக்கூடிய வாக்கியங்களாக எழுதி வையுங்கள். "அன்பானவர், அறிவானவர்" என்று எழுதி வைத்தால், எந்தப் பதில் குணத்தோடு ஒட்டுகிறது, எது ஒட்டவில்லை என்று யாராலும் சொல்ல முடியாது.

## எதையும் தொடுவதற்கு முன்

ஒவ்வொரு பதிலின்போதும் மூன்று செய்திகளை ஒரு கோப்பில் பதியச் செய்யுங்கள்: பயனர் எழுதிய மூல வரி, சுத்தம் செய்தபின் கிடைத்த சொற்களின் பட்டியல், பொருந்திய விதியின் பெயர். விதிகளுக்கு எண் வைக்காதீர்கள். "தாமதக் கட்டணம்", "புதுப்பித்தல்" என்று பெயர் வையுங்கள். கீழே வரும் அறிகுறிகளில் பாதிக்கு மேல், இந்தப் பதிவைப் பார்த்த உடனேயே காரணம் தெரிந்துவிடும். பதிவு இல்லாமல் குணத்தைப் பற்றி யோசிப்பது நேர விரயம்.

## அறிகுறி: "எப்படியும் வருவேன்" என்றால் புத்தகத்தைப் பரிந்துரைக்கிறது

"படி" என்ற சொல் வரியில் எங்கேனும் இருக்கிறதா என்று பார்க்கும் விதி ஒன்று உங்களிடம் இருக்கும். "எப்படி", "அப்படியா", "மறுபடியும்", "சொன்னபடி" எல்லாவற்றிலும் "படி" இருக்கிறது. "கலை" என்ற விதி "சிக்கலை" என்ற சொல்லிலும் "நகலை" என்ற சொல்லிலும் விழித்துக்கொள்ளும். நகல் எடுக்க முடியுமா என்று கேட்பவருக்கு ஓவிய நூல்களின் அடுக்கைக் காட்டினால், சிவகாமி கண்டிப்பான நூலகராகத் தெரியமாட்டார், கவனமில்லாதவராகத் தெரிவார்.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் மருந்து, தேடுகோவையில் (உரையில் ஒரு வடிவத்தைத் தேட எழுதும் குறியீட்டுத் தொடரில்) சொல் எல்லைக் குறியை இரு பக்கமும் போடுவது. ஆங்கிலத்தில் அது சரி. தமிழில் அது நோயைத் தலைகீழாக்கிவிடும். பைத்தானோடு வரும் தேடுகோவைத் தொகுதி, எழுத்தும் எண்ணும் அடிக்கோடும் மட்டுமே சொல்லின் பகுதி என்று கருதுகிறது. நம் உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும், எழுத்துகளுக்கு எண் தரும் பொதுத் தரமான யூனிகோடில் எழுத்து வகையில் இல்லை, குறி வகையில் இருக்கின்றன. ஆகவே "படி" என்பதன் இறுதியில் உள்ள இகரக் குறி, அந்தத் தொகுதியின் கணக்கில் சொல்லுக்கு வெளியே நிற்கிறது. அதற்குப் பின் இடைவெளி வந்தால் எல்லை என்று ஒன்று உருவாகவே உருவாகாது. மெய்யெழுத்து வந்தால் உருவாகிவிடும். விளைவு: தனியாக நிற்கும் "படி" பொருந்தாது, "எப்படியும்" பொருந்தும். இதே காரணத்தால் "நூலகம்" என்ற சொல்லைப் பிரித்தெடுக்கச் சொன்னால் "ந", "லகம" என்று இரண்டு துண்டுகள் கையில் வரும்.

வரியை இடைவெளியில் உடைத்து, ஒவ்வொரு துண்டின் இரு முனையிலும் உள்ள நிறுத்தக்குறிகளை நீக்கி, சொல்லின் தொடக்கத்திலிருந்து ஒப்பிடுங்கள். சிறிய சாட்பாட்டுக்கு இது போதும். தேடுகோவை கட்டாயம் வேண்டும் என்றால், ரெகெக்ஸ் என்ற பெயரில் தனியாக நிறுவிக்கொள்ளும் தொகுதி குறிகளையும் சொல்லின் பகுதியாகவே எடுத்துக்கொள்கிறது.

இதன் உடன்பிறந்த பிழை ஒன்று உண்டு. எழுத்துகள் மட்டும் உள்ள சொல்லா என்று பார்க்கும் பைத்தானின் சோதனை, "தமிழ்" என்ற சொல்லுக்கே இல்லை என்று விடை தரும். "பல", "வர" போன்ற குறியில்லாச் சொற்களை மட்டும் ஏற்றுக்கொள்ளும். பயனரின் வரியில் முக்கால்வாசி காணாமல் போய், "வர", "பல" மட்டும் பதிவில் மிஞ்சியிருந்தால் அந்தச் சோதனையைத் தேடி நீக்குங்கள்.

## அறிகுறி: "புத்தகம்" தெரிகிறது, "புத்தகத்தை" தெரியவில்லை

முந்தைய பிழைக்குப் பயந்து முழுச் சொல்லை அப்படியே ஒப்பிட்டால் இது வரும். "புத்தகத்தைத்", "புத்தகங்களை", "புத்தகத்தில்" என்று வேற்றுமையும் பன்மையும் சந்தியும் ஏறிய வடிவங்களைப் பட்டியலிட்டு மாளாது. விதியில் "புத்தக" என்ற பகுதியை மட்டும் வைத்து, சொல் அதில் தொடங்குகிறதா என்று பாருங்கள். சொல்லின் கடைசிப் புள்ளியையோ உயிர்க்குறியையோ நீக்கினால் பல பெயர்ச்சொற்களுக்கு வேலை முடிந்துவிடும்: "நூல்" என்பதற்கு "நூல", "வீடு" என்பதற்கு "வீட". மகரத்தில் முடியும் சொல்லென்றால் அந்த மகரத்தையே எடுத்துவிடுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். "நூல" என்பது "நூலகம்", "நூலகர்" இரண்டையும் பிடிக்கும். ஆகவே நீளமான அடிச்சொற்களை முதலில் சோதிக்கும்படி பட்டியலை நீளத்தின்படி வரிசைப்படுத்துங்கள். அடுத்தது, மிகக் குறுகிய அடிச்சொல். "மரம்" என்பதற்காக "மர" என்று வைத்தால் "மரபு" மாட்டும், "மரணம்" மாட்டும். வீட்டில் நடந்த ஒரு மரணத்தைப் பற்றிச் சொல்பவரிடம் செடிகொடி நூல்களைப் பரிந்துரைப்பது மன்னிக்க முடியாத பிழை. இரண்டெழுத்து அடிச்சொற்களுக்குக் குறுக்குவழி தேடாமல் "மரம்", "மரத்த", "மரங்க" என்று விரித்து எழுதுங்கள். வினைச்சொற்களுக்கும் அப்படியே: "வா" என்பது "வருகிறேன்" என்றும் "வந்தேன்" என்றும் உருமாறும்போது பொதுவான அடி எதுவும் கிடைக்காது.

எதிர்மறையை மறந்துவிடாதீர்கள். "வேண்டாம்", "இல்லை", "கூடாது" ஆகிய சொற்களையும், "வில்லை" என்று முடியும் வினைகளையும் முதலிலேயே பார்த்து ஒரு கொடியை (ஆம், இல்லை என்று மட்டும் மதிப்புள்ள மாறியை) உயர்த்தி வையுங்கள். "புத்தகம் வேண்டாம்" என்றவரிடம் புத்தகத்தை நீட்டும் நூலகரை யாரும் இரண்டாம் முறை தேடி வரமாட்டார்கள்.

## அறிகுறி: ஒருவருக்கு வேலை செய்யும் சொல் இன்னொருவருக்கு வேலை செய்யவில்லை

திரையில் பார்த்தால் இரண்டும் ஒன்றேதான். உள்ளே வேறு. ஒகரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம். எகரக் குறி, கால் என்று இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். ஓகாரத்துக்கும் ஔகாரத்துக்கும் இதே நிலை. "தொகுதி" என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் ஒரு விசைப்பலகையில் தட்டியதற்கு 6 என்றும் இன்னொன்றில் தட்டியதற்கு 7 என்றும் வரலாம். பைத்தானின் யூனிகோட் தரவுத் தொகுதியில் இயல்பாக்கும், அதாவது ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும், சார்பு ஒன்று இருக்கிறது. அதில் குறிகளை ஒன்றாகச் சேர்த்துத் தரும் என்எஃப்சி வடிவத்தைத் தேர்ந்து, பயனரின் வரியையும் உங்கள் விதிகளையும் இரண்டையுமே அதன் வழியாக அனுப்புங்கள். ஒரு பக்கத்தை மட்டும் இயல்பாக்கினால் பயன் இல்லை.

அந்தச் சார்பு சரிசெய்யாத இரண்டு உண்டு. ஒன்று, கண்ணுக்குத் தெரியாத பூஜ்ய அகலக் குறிகள். வேறிடத்திலிருந்து நகலெடுத்து ஒட்டும் வரிகளில் இவை ஒளிந்து வரும், வெற்றிடத்தை நீக்கும் சார்புக்கும் அகப்படாது. யூனிகோட் எண் 200பி முதல் 200டி வரையிலான மூன்றையும் நீங்களே பெயர் சொல்லி நீக்க வேண்டும். மற்றொன்று, ஔவையார். நிறையப் பேர் ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டி "ஒளவையார்" என்று எழுதுகிறார்கள். "கௌரவம்" என்பதற்குப் பதில் "கெளரவம்" என்று வருவதும் இதே கதை. நூலகச் சாட்பாட்டுக்கு ஔவையாரைத் தெரியாமல் போகக்கூடாது. இத்தகைய சொற்களுக்கு ஒரு சிறு மாற்று அட்டவணை எழுதிக்கொள்ளுங்கள்.

விதிக் கோப்பில் முதல் வரி மட்டும் வேலை செய்யவில்லை என்றால், கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத பைட் வரிசைக் குறி ஒட்டியிருக்கிறது. விண்டோஸ் நோட்பேடில் சேமித்த கோப்புகளில் இது வரலாம். யுடிஎஃப்-8-சிக் என்ற குறிமுறையில் (எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் முறையில்) திறந்தால் போய்விடும். தமிழ் முழுவதுமே குப்பையாகத் தெரிந்தால், கோப்பைத் திறக்கும்போது குறிமுறையைச் சொல்லாமல் விட்டிருக்கிறீர்கள்.

## அறிகுறி: வணக்கத்துக்கு மட்டும் பதில் வருகிறது

"வணக்கம். சிறுவர் கதை நூல்கள் எந்த அடுக்கில் இருக்கின்றன?" என்று கேட்டால் "வணக்கம், உட்காருங்கள்" என்று சொல்லிவிட்டு நின்றுவிடுகிறது. முதலில் பொருந்திய விதியோடு சுழற்சி முடிந்துவிடுவதால் வரும் கோளாறு. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜோசப் வைசன்பாம் எழுதி 1966இல் வெளியிட்ட எலைசா என்ற உரையாடல் நிரலிலேயே இதற்கு விடை இருக்கிறது: ஒவ்வொரு திறவுச்சொல்லுக்கும் ஒரு தரவரிசை எண். வரியில் உள்ள எல்லாப் பொருத்தங்களையும் திரட்டிவிட்டு, எண் உயர்ந்ததை எடுப்பது. வணக்கத்துக்கு 1, பொருள் கேட்பதற்கு 5, புதுப்பித்தல், கட்டணம் போன்ற செயல்களுக்கு 8 என்று வைத்துக்கொள்ளலாம். வணக்கத்தைத் தூக்கிப் போட்டுவிடாமல், உரையாடலில் முதல் முறை வரும்போது பதிலுக்கு முன்னால் சேர்த்துக்கொள்ளுங்கள். சிவகாமி மரியாதை அறிந்தவர்.

எல்லாவற்றுக்கும் மேலே இரண்டு விதிகள் இருக்க வேண்டும். "நீங்கள் மனிதரா?" என்று ஒருவர் கேட்டால் "இல்லை, நான் ஒரு நிரல். நூல் தேட உதவ முடியும்" என்று உண்மையைச் சொல்ல வேண்டும். குணம் என்பது பொய் சொல்லும் உரிமை ஆகாது. இன்னொன்று, உயிரை மாய்த்துக்கொள்வது பற்றிய பேச்சு. அங்கே பாத்திரம் ஒதுங்கி நிற்க வேண்டும். நூலகர் நடை எதுவும் வேண்டாம். நேரடியாக இரண்டு வரி ஆறுதலும், இந்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416 என்பதும் மட்டும் போதும்.

## அறிகுறி: பயனரின் உணர்ச்சியைத் தன் உணர்ச்சியாகத் திருப்பிச் சொல்கிறது

எலைசா பாணியில் பயனரின் வாக்கியத்தையே திருப்பிக் கேட்க விரும்பினால் "நான்" என்பது "நீங்கள்" ஆக வேண்டும், "உங்களை" என்பது "என்னை" ஆக வேண்டும். "நான் உங்களை நம்புகிறேன்" என்ற வரியில் முதலில் எல்லா "நான்"களையும் "நீங்கள்" ஆக்கி, அடுத்த வரியில் எல்லா "நீங்கள்"களையும் "நான்" ஆக்கினால் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்வீர்கள். சிவகாமி யாரோ ஒருவரிடம் "நான் உங்களை நம்புகிறேன்" என்று உருகுவார். மாற்றங்களை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யாமல், சொற்களை இடமிருந்து வலமாக ஒருமுறை மட்டும் கடந்து, ஒவ்வொரு சொல்லையும் ஒரே அகராதியில் பார்த்து மாற்றுங்கள். மாற்றிய சொல்லை மறுபடி தொடக்கூடாது.

தமிழில் வினைமுற்றும் மாற வேண்டும். இங்கே மொழி நமக்கு உதவுகிறது. "ேன்" என்ற ஈற்றை எடுத்துவிட்டு "ீர்கள்" என்பதை ஒட்டினால் போதும்: வந்தேன், வந்தீர்கள்; வருவேன், வருவீர்கள்; மாட்டேன், மாட்டீர்கள். ஒரே விதியில் மூன்று காலமும் எதிர்மறையும் அடங்கிவிடுகின்றன. வாக்கியத்தின் கடைசிச் சொல்லுக்கு மட்டும் இதைச் செய்யுங்கள். இல்லையென்றால் "தேன்" என்பது "தீர்கள்" ஆகிவிடும்.

"என்னைப்", "எனக்குத்" என்று சந்தியோடு வரும் சொற்கள் அகராதியில் அகப்படாது. தமிழ்ச் சொல்லின் இறுதியில் வல்லின மெய் வராது என்பது இலக்கணம். அதை நிரலாகவே எழுதிவிடலாம். சொல் க், ச், த், ப் என்று முடிந்தால் அதை நீக்கிப் பாருங்கள். நீக்கிய வடிவம் அகராதியில் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் மூலச் சொல்லையே வையுங்கள். "பேஸ்புக்", "பிளாஸ்டிக்" போன்ற கடன்சொற்கள் இதனால் பிழைத்துக்கொள்ளும்.

## அறிகுறி: பெயரைக் கெடுக்கிறது

"நான் பசியாக இருக்கிறேன்" என்றவரை "வணக்கம், பசியாக இருக்கிறேன்" என்று அழைத்தால், "நான்" என்பதற்குப் பின்னால் வருவதெல்லாம் பெயர் என்று நிரல் நம்புகிறது. பின்னால் ஒரே சொல் இருந்தால் மட்டும் எடுத்துக்கொள் என்று திருத்தினால் "நான் வந்தேன்" மாட்டிக்கொள்ளும். "ேன்" என்று முடிவதையெல்லாம் ஒதுக்கினால் உசேன் என்ற பெயருடையவரை ஒதுக்கிவிடுவீர்கள். "என் பெயர் தெரியாதா?" என்று கேட்டால் "தெரியாதா" பெயராகிவிடும், ஆகாரத்தில் முடிவதை வினா என்று தள்ளினால் கமலாவைத் தள்ளியதாகும். இதற்கு மேல் விதிகளை அடுக்காதீர்கள். நூலகர் உறுப்பினர் அட்டை எழுதும்போது என்ன செய்வாரோ அதையே செய்யச் சொல்லுங்கள்: "உசேன் என்று குறித்துக்கொள்ளலாமா?" ஆம் என்றால் மட்டும் சேமிக்கவும். பிழையும் தீர்கிறது, குணமும் கூடுகிறது.

சேமித்த பெயரோடு உருபை ஒட்டும்போது "முருகன்ஐ", "ராணிஐ" என்று வரும். முருகனை, ராணியை, கமலாவை என்று ஈற்றுக்கு ஈறு புணர்ச்சி வேறுபடுவதால், பெயருக்கு உருபே தேவைப்படாதபடி வாக்கியத்தை அமைப்பதுதான் நல்ல வழி. "முருகன் அவர்களுக்கு", "ராணி என்பவரின் அட்டை" என்று எழுதினால் எந்தப் பெயரும் பொருந்தும். இந்த நடை ஒரு நூலகரின் வாய்க்கு இயல்பானது என்பது நமக்கு வாய்த்த நன்மை.

## அறிகுறி: மூன்று கேள்வி வரை சிவகாமி, பிறகு வெறும் இயந்திரம்

இதுதான் தலையாய நோய். பதிவுக் கோப்பைத் திறந்து, எந்த விதியும் பொருந்தாமல் போன வரிகள் எத்தனை என்று எண்ணுங்கள். விதிகளால் இயங்கும் சிறிய சாட்பாட் எதுவானாலும் அந்த எண்ணிக்கை பெரிதாகத்தான் இருக்கும். அப்படியென்றால் பயனர் அதிகமாகச் சந்திப்பது சிவகாமியின் அறிவை அல்ல, அறியாமையை. நாற்பது விதமான வரவேற்பு வாக்கியங்களை மெருகேற்றிவிட்டு, அறியாமைக்கு "மன்னிக்கவும், எனக்குப் புரியவில்லை" என்ற ஒரே வரியை வைத்தால், உரையாடலின் பெரும்பகுதியை அந்த வரியே பேசிக்கொண்டிருக்கும். அதில் சிவகாமி எங்கே இருக்கிறார்?

வைசன்பாம் எலைசாவை ஒரு உளநல மருத்துவராக அமைத்ததற்கு அவரே தம் 1966ஆம் ஆண்டுக் கட்டுரையில் காரணம் சொல்கிறார்: உலகத்தைப் பற்றி எதுவுமே தெரியாதவர்போல் இருந்தாலும் இயல்பாகத் தோன்றக்கூடிய உரையாடல்கள் மிகச் சில, அவற்றில் ஒன்று மருத்துவரின் நேர்காணல். பாத்திரத்தைத் தேர்ந்தெடுத்ததே அறியாமைக்கு இடம் கொடுப்பதற்காக. இருபது திறவுச்சொற்களை விட இந்த ஒரு முடிவு அதிக வேலை செய்கிறது. உங்கள் பாத்திரமும் தெரியாது என்று சொல்வதற்குத் தகுந்த காரணம் உடையவராக இருக்க வேண்டும். எல்லாம் தெரிந்த மேதை என்று ஒருவரைப் படைத்தால் முதல் கேள்வியிலேயே அவர் தோற்றுப்போவார். நூலகர் பொருத்தமானவர், தமக்குத் தெரியாததை அவர் அடுக்கில் தேடலாம், எங்கே கிடைக்கும் என்று வழிகாட்டலாம்.

அடுத்து, அறியாமையை வகை பிரியுங்கள். ஒரு சொல்லும் பிடிபடவில்லை என்றால்: "அட்டவணையில் தேடினேன், அகப்படவில்லை. நூலின் பெயரையோ ஆசிரியர் பெயரையோ சொல்லுங்கள்." பொருள் பிடிபட்டு, செயல் பிடிபடவில்லை என்றால்: "தாமதக் கட்டணம் பற்றிக் கேட்கிறீர்கள். எத்தனை நாள் தாமதம்?" கிரிக்கெட், மழை, அரசியல் என்று வெளி விஷயம் என்றால்: "அது என் மேசைக்கு வராத விஷயம். அதைப் பற்றிய நூல் வேண்டுமானால் அடுக்கைக் காட்டுகிறேன்." "ம்", "சரி" போன்ற ஒற்றைச் சொல்லுக்கு: "நல்லது. வேறு ஏதேனும் தேட வேண்டுமா?" ரோமன் எழுத்தில் தமிழைத் தட்டுபவர்களுக்கும் தனியாக ஒரு பதில் வேண்டும், புரியாதவர்களாக அவர்களை நடத்தக்கூடாது. ஒவ்வொரு வகைக்கும் ஐந்தாறு வரிகளாவது எழுதுங்கள். வரவேற்புக்குச் செலவிட்ட உழைப்பைவிட இங்கே கூடுதலாகச் செலவிடுங்கள்.

எலைசாவிடமிருந்து எடுத்துக்கொள்ள இன்னொன்றும் உண்டு: நினைவு. பயனர் "என் மகளுக்குக் கதைப் புத்தகம் வேண்டும்" என்று சொன்னால், "என்" தொடங்கி அந்தத் தொடரை ஒரு வரிசையில் சேமித்து வையுங்கள். பின்னால் எதுவும் பொருந்தாத ஒரு தருணத்தில் "முன்பு உங்கள் மகளுக்குக் கதைப் புத்தகம் வேண்டும் என்றீர்கள். அது கிடைத்ததா?" என்று எடுத்து விடலாம். முட்டுச்சந்து, அக்கறையாக மாறிவிடும். எடுத்ததை வரிசையிலிருந்து நீக்க மறந்தால் மட்டும், சிவகாமி அந்த மகளைப் பற்றியே விசாரித்துக்கொண்டிருப்பார்.

## அறிகுறி: சொன்னதையே சொல்கிறது

ஐந்து பதில்களிலிருந்து ஒன்றைக் குலுக்கி எடுத்தால், சற்று முன் சொன்னதே மறுபடி வருவதற்கு ஐந்தில் ஒன்று வாய்ப்பு. இது அடிக்கடி நடக்கும். பட்டியலைக் கலைத்துப் போட்டு, வரிசையாக ஒவ்வொன்றாக எடுத்து, தீர்ந்ததும் மறுபடி கலைத்துக்கொள்ளுங்கள். புதிய கலைப்பின் முதல் வரி பழையதன் கடைசி வரியாக இருந்தால் இடம் மாற்றிவிடுங்கள்.

## அறிகுறி: ஒரு வரியில் "நீங்கள்", அடுத்த வரியில் "நீ"

பல நாளாகப் பல மனநிலையில் எழுதிய பதில்கள் ஒரே கோப்பில் சேரும்போது இது நடக்கிறது. "அட்டையைக் கொடுங்கள்" என்றவர் அடுத்த வரியில் "பெயரைச் சொல்" என்றால் வேறொருவர் வந்து உட்கார்ந்ததுபோல் இருக்கும். கண்ணால் தேடாதீர்கள். பதில்கள் அனைத்தையும் வரி வரியாகப் படித்து, "நீ", "உன்", "உனக்கு", ஆச்சரியக்குறி, இரண்டுக்கு மேற்பட்ட வாக்கியங்கள் ஆகியவற்றைக் கண்டால் வரி எண்ணோடு எச்சரிக்கும் ஒரு சிறு நிரலை எழுதுங்கள். மேலே குணத்தைச் சோதிக்கக்கூடிய வாக்கியங்களாக எழுதச் சொன்னது இதற்குத்தான்: அவற்றில் பலவற்றைக் கணினியே சரிபார்க்கும்.

## அறிகுறி: ஒருமுறை கோபித்தால் கோபம் தணிவதே இல்லை

1972இல் ஸ்டான்ஃபோர்டில் கென்னத் கோல்பி உருவாக்கிய பாரி, சந்தேக மனநோயாளி ஒருவரைப்போல் பேசிய நிரல். கோபம், அச்சம், அவநம்பிக்கை ஆகியவற்றை அது எண்களாக வைத்துக்கொண்டு, பேச்சுக்கு ஏற்ப ஏற்றி இறக்கியது. சிவகாமிக்குப் பொறுமை என்ற ஒரே மாறி போதும். 0 முதல் 10 வரை. வசைச்சொல் வந்தால் மூன்று குறையட்டும், அதே கேள்வி திரும்ப வந்தால் ஒன்று குறையட்டும். பலரும் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். சாதாரணமான ஒவ்வொரு வரிக்கும் ஒன்று கூட வேண்டும், எல்லைக்கு மேலோ கீழோ போகக்கூடாது. பொறுமை குறையும்போது பதில் சுருங்கலாம்; "நீங்கள்" என்பது "நீ" ஆகக்கூடாது. கோபத்திலும் மரியாதை குறையாதவர் என்பதில்தான் அவருடைய குணம் பளிச்சென்று தெரியும்.

## அறிகுறி: ஒருவரின் பெயரால் மற்றொருவரை அழைக்கிறது

உங்கள் கணினியில் தனியாகச் சோதித்தபோது தெரியாமல், டெலிகிராமில் ஏற்றியதும் வெளிப்படும் பிழை. பெயர், பொறுமை, நினைவு வரிசை மூன்றையும் நிரலின் மேல்மட்டத்தில் பொது மாறிகளாக வைத்திருப்பீர்கள். உரையாடல் அடையாள எண்ணைத் திறவாகக் கொண்ட ஓர் அகராதிக்குள் அவற்றை மாற்றுங்கள். இதை அவசரமாகச் செய்யுங்கள்; ஒருவர் நம்பிச் சொன்னது இன்னொருவர் காதுக்குப் போவது குணக்கேட்டைவிடப் பெரிய கேடு.

## அறிகுறி: பெரிய மொழி மாதிரியை இணைத்த பிறகு, பேசப் பேசக் குணம் கரைகிறது

விதிகளுக்குப் பதிலாக, ஏராளமான உரையில் பயிற்றுவித்த, பதிலைத் தானே எழுதும் மொழி மாதிரி ஒன்றைப் பின்னால் இணைத்திருந்தால், முதலில் பார்க்க வேண்டியது செய்திப் பட்டியலைக் கத்தரிக்கும் வரி. அந்தச் சேவைகளைச் சாதாரணமாக அழைக்கும்போது முந்தைய பேச்சு எதுவும் மாதிரிக்கு நினைவில் இருப்பதில்லை. ஒவ்வொரு முறையும் உரையாடலை நாம்தான் அனுப்புகிறோம். நீளம் கூடும்போது பழையதை முன்னாலிருந்து வெட்டுகிறோம். பட்டியலின் முதல் உறுப்பு எது? சிவகாமி யார் என்று சொல்லும் அறிவுறுத்தல். முதலில் வெட்டுப்படுவதும் அதுவே. அறிவுறுத்தலைத் தனி மாறியில் வைத்து, மீதியை மட்டும் வெட்டி, அனுப்பும்போது முன்னால் சேருங்கள். தமிழ் உரை அதே பொருளுடைய ஆங்கில உரையைவிடப் பெரும்பாலும் அதிக டோக்கன்களை (மாதிரி உரையை வெட்டி எண்ணும் துண்டுகளை) விழுங்குவதால், ஆங்கிலத்தில் சோதித்துப் பார்த்து வைத்த எல்லை தமிழில் விரைவாக எட்டிவிடும்.

அறிவுறுத்தலில் அடைமொழிகளைக் குறைத்து, நான்கைந்து மாதிரி உரையாடல்களைச் சேருங்கள். அவற்றில் பாதியாவது சிவகாமிக்கு விடை தெரியாத கேள்விகளாக இருக்கட்டும். மொழி மாதிரி பல நேரங்களில் தெரியாது என்று சொல்லத் தயங்கும், இல்லாத நூலுக்கும் ஆசிரியர் பெயர் சொல்லிவிடக்கூடும். "அட்டவணையில் அகப்படவில்லை" என்ற வாக்கியத்தை அது கண்ணால் பார்த்திருக்க வேண்டும். எந்த மாற்றத்துக்குப் பிறகும் ஓட்டிப் பார்க்க ஒரு சோதனைக் கோப்பு வைத்துக்கொள்ளுங்கள்: "எப்படியும் வருவேன்", "நான் உசேன்", "புத்தகம் வேண்டாம்", "ஒளவையார் பாடல்கள்", "நீங்கள் மனிதரா?", நடுவில் ஒரு வசை, அதன் பின் நான்கு சாதாரணக் கேள்விகள். முந்தைய ஓட்டத்தின் பதில்களோடு வரிக்கு வரி ஒப்பிட்டு, மாறியவற்றை மட்டும் படித்தால் போதும்.